செனட்டர் ஜேக் கார்ன்: விண்வெளி ஆதரவும் வங்கிச் சட்டமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளி வரலாறு படிப்பவர்களுக்கு ஜேக் கார்ன் என்றால் பதவியில் இருக்கும்போதே விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். வங்கித் துறை வரலாறு படிப்பவர்களுக்கு அந்தப் பெயர் 1982-ல் வந்த ஒரு சட்டத்தின் பெயர். இரண்டு தரப்பும் மற்றதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மக்கள் பிரதிநிதி ஒருவர் ஒரு துறைக்காகக் குரல் கொடுப்பதற்கும் அதே துறையைக் கண்காணிப்பதற்கும் நடுவில் என்ன சிக்கல் வருகிறது என்று புரியும். அதற்காகத்தான் இந்தப் பக்கம்.

யார் இந்த ஜேக் கார்ன்?

முழுப்பெயர் எட்வின் ஜேக்கப் கார்ன். 1932 அக்டோபர் 12 அன்று யூட்டா மாநிலத்தில் ரிச்ஃபீல்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். யூட்டா பல்கலைக்கழகத்தில் வணிகமும் நிதியும் படித்தார். கடற்படையில் விமானியாக இருந்தார். அங்கிருந்து வந்த பிறகு தன் மாநிலத்தின் வான் தேசியக் காவல் படையில் பல ஆண்டுகள் விமானம் ஓட்டினார். பிழைப்புக்கு இன்ஷூரன்ஸ் தொழில். சால்ட் லேக் சிட்டியின் மேயராக இருந்தவர், 1974 தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் நின்று செனட்டுக்குப் போனார். 1993 தொடக்கம் வரை அங்கே இருந்தார்.

1986-ல், நீரிழிவால் சிறுநீரகம் பழுதான தன் மகளுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். செனட்டர் பதவியில் இருந்துகொண்டு, விண்வெளிக்குப் போய்வந்த மறு ஆண்டே செய்த காரியம் இது. கீழே அவருடைய வேலையைக் கடுமையாகவே பேசப்போகிறேன். அதனால் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பட்டது.

வங்கிக் குழுவின் தலைவருக்கு விண்வெளியில் என்ன வேலை?

இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. அமெரிக்க செனட்டில் ஒரு உறுப்பினர் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களில் இருப்பார். 1981-ல் குடியரசுக் கட்சிக்குச் செனட்டில் பெரும்பான்மை கிடைத்ததும் கார்னுக்கு இரண்டு நாற்காலிகள் வந்தன. ஒன்று, வங்கி, வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் குழுவின் தலைமை. மற்றது, அரசுப் பணத்தை ஒதுக்கும் குழுவுக்குள் இருந்த ஒரு துணைக்குழுவின் தலைமை. வீட்டுவசதித் துறைக்கும் சில தனி அமைப்புகளுக்கும் ஆண்டுதோறும் எவ்வளவு பணம் என்று முடிவு செய்வது அந்தத் துணைக்குழு. அந்தத் தனி அமைப்புகளில் நாசாவும் உண்டு.

அதாவது ஏழைகளின் வாடகை வீட்டுத் திட்டம், முன்னாள் படைவீரர்களின் மருத்துவமனைகள், சுற்றுச்சூழல் பாதுகாப்பு, அறிவியல் ஆராய்ச்சி, நாசா எல்லாமே ஒரே கணக்குக்குள் வரும். விண்வெளி ஓடத்துக்குக் கூடுதலாகப் போகிற ஒவ்வொரு டாலரும் பக்கத்தில் இருக்கிற இன்னொன்றிலிருந்து எடுத்ததாகவே இருக்கும். இந்த ஏற்பாடு பல காலம் நீடித்தது. ராக்கெட்டா வீடா என்ற சண்டை ஆண்டுதோறும் வந்ததற்கு இதுதான் காரணம்.

கார்னுக்கு முன்னால் இந்த இரண்டு நாற்காலிகளிலும் இருந்தவர் விஸ்கான்சின் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சிக்காரர் வில்லியம் பிராக்ஸ்மையர். 1987-ல் பெரும்பான்மை மாறியதும் இரண்டும் திரும்ப அவரிடமே போயின. விண்வெளி விஷயத்தில் கார்னுக்கு நேர் எதிரானவர் அவர். அவரைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

கார்ன் விண்வெளித் திட்டத்தை ஏன் அவ்வளவு ஆதரித்தார்?

முதல் காரணம் உள்ளன்பு. பறப்பதில் தீராத ஆசை உள்ளவர். பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் விமானம் ஓட்டியவர். நாசாவுக்கு ஒதுக்கும் பணம் செலவு அல்ல, முதலீடு என்று நம்பினார். 1984 ஜனவரியில் அதிபர் ரீகன் விண்வெளி நிலையம் கட்டப்போவதாக அறிவித்தபோது செனட்டில் அதன் பக்கம் உறுதியாக நின்றவர்களில் ஒருவர்.

இரண்டாவது காரணம் சொந்த மாநிலம். விண்வெளி ஓடத்தின் இரு பக்கமும் இருக்கும் திட எரிபொருள் ராக்கெட்டுகளின் மோட்டாரைத் தயாரித்தது யூட்டாவில் இருந்த மார்ட்டன் தியாக்கால் நிறுவனம். 1973-ல் அந்த ஒப்பந்தம் கிடைத்தபோது நாசாவின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஃபிளெட்சர், அதற்கு முன் யூட்டா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். ஓடம் பறந்தால் யூட்டாவில் வேலை இருக்கும். எந்த மக்கள் பிரதிநிதியும் தன் ஊர் வேலைவாய்ப்புக்காகப் பேசத்தான் செய்வார். அதில் தவறில்லை. ஆனால் அவரே பணம் ஒதுக்கும் குழுவின் தலைவராகவும் இருக்கும்போது, அந்த மோட்டார் எவ்வளவு பாதுகாப்பானது என்று குடைந்து கேட்கும் ஆள் யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

நாசா அவரை அழைத்ததா, அவர் கேட்டு வாங்கினாரா?

இரண்டும்தான். குழுத் தலைவரான 1981-லிருந்தே, நான் எப்போது போகலாம் என்று நாசாவிடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 1984 நவம்பரில் நாசா தலைவர் ஜேம்ஸ் பெக்ஸ் முறையாக அழைப்பு அனுப்பினார். பணம் ஒதுக்குகிறவர் திட்டத்தை நேரில் பார்த்துச் சோதிக்கட்டும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

நாசாவின் பணப்பை யார் கையில் இருக்கிறதோ அவரையே நாசா தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது என்று அப்போதே பத்திரிகைகளில் விமர்சனம் வந்தது. எனக்கும் அந்த விமர்சனம் நியாயமாகத்தான் படுகிறது. தணிக்கை செய்ய வேண்டியவருக்கு விருந்து வைத்தால் தணிக்கை எப்படி நடக்கும்? கார்ன் தரப்பில் சொல்வதற்கும் ஒன்று உண்டு. அவர் அழைப்புக்கு முன்பே நாசாவை முழு மனதோடு ஆதரித்தவர். பயணம் அவர் மனதை மாற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தப் பயணத்தில் என்ன நடந்தது?

1985 ஏப்ரல் 12 அன்று ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து டிஸ்கவரி ஓடம் கிளம்பியது. விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரின் கிளம்பிய அதே தேதி. தளபதி கரோல் பாப்கோ, விமானி டொனால்ட் வில்லியம்ஸ், ரியா செடன், ஜெஃப்ரி ஹாஃப்மன், டேவிட் கிரிக்ஸ், மெக்டொனல் டக்ளஸ் நிறுவனத்தின் சார்பில் சார்லஸ் வாக்கர், ஏழாவது ஆளாக கார்ன். அப்போது அவருக்கு 52 வயது.

கனடாவின் அனிக் செயற்கைக்கோளை நல்லபடியாக வெளியே விட்டார்கள். அடுத்து விட்ட லீசாட் செயற்கைக்கோள்தான் மக்கர் செய்தது. ஓடத்தை விட்டு நகரும்போது அதன் பக்கவாட்டில் இருந்த ஒரு சிறு நெம்புகோல் தானாகத் திறந்து இயந்திரத்தை உயிர்ப்பிக்க வேண்டும். எதுவும் நடக்கவில்லை. தரையில் இருந்தவர்களும் மேலே இருந்தவர்களும் யோசித்து, ஓடத்துக்குள் கிடைத்த பிளாஸ்டிக் அட்டைகளை வெட்டி ஒட்டி, ஈ அடிக்கும் மட்டை போல ஒன்றைச் செய்தார்கள். ஹாஃப்மனும் கிரிக்ஸும் வெளியே போய் அதை ஓடத்தின் இயந்திரக் கையின் நுனியில் கட்டினார்கள். விண்வெளி ஓட வரலாற்றில் முன்கூட்டித் திட்டமிடாத முதல் விண்நடை அதுதான். ரியா செடன் அந்தக் கையை இயக்கி நெம்புகோலை இழுத்தும் பார்த்தார். மட்டை நெம்புகோலில் பட்டது, செயற்கைக்கோள் அசையவில்லை. அதே ஆண்டு வேறொரு ஓடப் பயணத்தில் போனவர்கள்தான் அதைச் சரி செய்தார்கள்.

இந்த வேலைக்காகப் பயணம் இரண்டு நாள் நீண்டது. ஏப்ரல் 19 அன்று கென்னடி மையத்திலேயே தரையிறங்கியபோது ஒரு டயர் வெடித்தது. பிரேக்குகளும் சேதமாகின. அதனால் கொஞ்ச காலம் ஓடங்களைக் கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்திலேயே இறக்கினார்கள்.

அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனதாகக் கேலி செய்கிறார்களே?

உண்மைதான், குமட்டலும் வாந்தியும் கடுமையாக வந்தன. எடையில்லா நிலைக்கு உடம்பு பழகும்போது விண்வெளி வீரர்களில் பாதிப் பேருக்காவது இது வரும். கார்னின் முக்கிய வேலையே இந்த நோயைப் பற்றிய மருத்துவச் சோதனைகளுக்குத் தன் உடம்பைக் கொடுப்பதுதான். அதனால் கேலி செய்ய ஒன்றுமில்லை. வயிற்றுக் குமட்டலை அளக்க அவர் பெயரில் நாசாக்காரர்கள் ஒரு விளையாட்டு அளவுகோல் வைத்தது மட்டும் நின்றுவிட்டது.

அவருக்காக வேறு யாராவது இடத்தை விட்டுக்கொடுத்தார்களா?

ஆம். இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்தப்படுத்துவது இதுதான்.

கிரிகரி ஜார்விஸ் ஒரு பொறியாளர். ஹியூஸ் நிறுவனத்தில் வேலை. மேலே சொன்ன லீசாட் செயற்கைக்கோளைக் கட்டிய அதே ஹியூஸ். எடையில்லா நிலையில் தொட்டிக்குள் திரவம் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்வதற்காகத் தேர்வானவர். 1985 ஏப்ரல் பயணத்தில் அவருக்கு இடம் இருந்தது. கார்ன் வந்ததும் ஜார்விஸைத் தள்ளி வைத்தார்கள். அப்புறம் 1986 ஜனவரியில் கொலம்பியா ஓடத்தில் இடம் கிடைத்தது. அதையும் ஃபுளோரிடாவிலிருந்து வந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பில் நெல்சனுக்காக எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவதாகக் கிடைத்த இடம் சாலஞ்சர்.

கொலம்பியா நெல்சனோடு ஜனவரி 18 அன்று தரையிறங்கியது. பத்து நாள் கழித்து, 1986 ஜனவரி 28 அன்று, கிளம்பி 73 நொடியில் சாலஞ்சர் உடைந்து சிதறியது. ஜார்விஸ் உட்பட ஏழு பேரும் இறந்தார்கள்.

இதற்கு கார்னையோ நெல்சனையோ குற்றம் சொல்ல முடியாது. சாலஞ்சர் உடையும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் வேலைக்காகப் போக வேண்டிய பொறியாளரை இரண்டு முறை ஒதுக்கிவிட்டு, பார்வையிடப் போகும் அரசியல்வாதிகளுக்கு இடம் கொடுத்தது நாசாவின் முடிவு. பணம் கொடுப்பவர்களைத் திருப்தியாக வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நிறுவனத்துக்குள் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

சாலஞ்சர் விபத்துக்குப் பிறகு கார்ன் என்ன செய்தார்?

அன்று மாலையே துணை அதிபர் புஷ்ஷோடு கென்னடி மையத்துக்குப் பறந்துபோய் இறந்தவர்களின் குடும்பங்களைச் சந்தித்தார். கூடப் போன இன்னொரு செனட்டர் ஜான் கிளென். 1962-ல் பூமியைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கர்.

விபத்துக்குக் காரணம் யூட்டாவில் செய்த அந்த ராக்கெட் மோட்டாரின் இணைப்பு. குளிரில் ரப்பர் வளையம் இறுகி, சூடான வாயு கசிந்தது. முந்தின நாள் இரவு, இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று தியாக்கால் பொறியாளர்களே வாதாடியிருந்தார்கள். நிர்வாகம் கேட்கவில்லை. கார்ன் ஓடத் திட்டத்தைக் கைவிடக் கூடாது என்ற நிலையில் மாறாமல் நின்றார். பிற்பாடு துணைக்குழுவின் தலைமை மேரிலாந்தின் பார்பரா மிகுல்ஸ்கியிடம் போன பிறகும், எதிர்க்கட்சி வரிசையின் மூத்தவராக விண்வெளி நிலையத்துக்காகத் தொடர்ந்து வாதாடினார்.

சரி, வங்கிக்கு வருவோம். 1982 சட்டம் எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது?

அமெரிக்காவில் சேமிப்பு–கடன் சங்கங்கள் என்று சுமார் 4,000 அமைப்புகள் இருந்தன. ஊர் மக்களிடம் சேமிப்பை வாங்கி, ஊர் மக்களுக்கே வீட்டுக் கடன் கொடுப்பது அவற்றின் வேலை. வீட்டுக் கடன் முப்பது ஆண்டுக்கு, மாறாத வட்டியில். சேமிப்பை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சேமிப்புக்கு எவ்வளவு வட்டி தரலாம் என்பதற்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்தது.

விலைவாசி ஏறாத வரைக்கும் இது நன்றாக ஓடியது. 1970-களின் கடைசியில் விலைவாசி எகிறியது. 1979-ல் மத்திய வங்கியின் தலைவராக வந்த பால் வோல்க்கர் அதை அடக்கக் கடன் வட்டியை உயர்த்தினார். குறுகிய கால வட்டி 20 சதவீதத்தை ஒட்டிப் போனது. சங்கங்கள் தரும் ஐந்தரை சதவீதத்துக்கு யார் பணத்தை வைத்திருப்பார்கள்? மக்கள் பணத்தை எடுத்து, சந்தை வட்டியை ஒட்டிப் பலன் தரும் பணச்சந்தை நிதிகளில் போட்டார்கள். 1980-ல் ஒரு சட்டம் உச்சவரம்பைப் படிப்படியாக நீக்கத் தொடங்கியது. அதே சட்டம் ஒரு கணக்குக்கான வைப்புக் காப்பீட்டை, அதாவது சங்கம் மூழ்கினாலும் சேமித்தவருக்குத் திரும்பக் கிடைக்கும் தொகையின் வரம்பை, 40,000 டாலரிலிருந்து ஒரு லட்சம் டாலராக உயர்த்தியது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

இப்போது சங்கங்கள் சேமிப்புக்குக் கூடுதல் வட்டி கொடுக்கலாம். ஆனால் வருமானம் பழைய வீட்டுக் கடன்களின் குறைந்த வட்டியில் மாட்டிக்கொண்டிருந்தது. 1980-ல் மொத்தமாக 32 பில்லியன் டாலர் இருந்த அவற்றின் உண்மையான சொந்த மூலதனம், 1982-ல் 4 பில்லியனாகக் கரைந்துவிட்டது. நடைமுறையில் அந்தத் துறையே திவாலாகியிருந்தது.

அந்தச் சட்டம் என்ன செய்தது?

செனட் பக்கம் கார்ன், பிரதிநிதிகள் சபைப் பக்கம் ரோட் ஐலண்டின் ஜனநாயகக் கட்சிக்காரர் ஃபெர்னாண்ட் செயின்ட் ஜெர்மைன். இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து கொண்டுவந்தது. வரைவை உருவாக்கியதில் பெரிய பங்கு, சங்கங்களைக் கண்காணிக்கும் வாரியத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் பிராட்டுக்கு. அவரும் யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர்தான். 1982 அக்டோபர் 15 அன்று ரீகன் கையெழுத்திட்டபோது, ஜாக்பாட் அடித்துவிட்டோம் என்ற பொருளில் பேசினார்.

வீட்டுக் கடன் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்த சங்கங்கள் இனி தங்கள் சொத்தில் 40 சதவீதம் வரை வணிகக் கட்டடங்களுக்கும், 30 சதவீதம் வரை நுகர்வோருக்கும், 10 சதவீதம் வரை தொழில்களுக்கும் கடன் கொடுக்கலாம் என்றானது. சொத்தின் மதிப்பில் இவ்வளவு பங்குதான் கடன் தரலாம் என்ற சட்ட வரம்பும் போனது. வட்டி ஏறி இறங்கும் வீட்டுக் கடன்களுக்கு மாநிலச் சட்டங்கள் போட்ட தடை விலகியது. பணச்சந்தை நிதிகளோடு போட்டி போடும் புதிய வைப்புக் கணக்கு வந்தது. மூலதனம் கரைந்த சங்கங்களுக்கு அரசு சான்றிதழ் கொடுத்து, அதையே மூலதனமாகக் கணக்கில் காட்டவும் வழி செய்தது. கடைசியாகச் சொன்னது, இல்லாததை இருப்பதாகக் காகிதத்தில் எழுதிக்கொள்வதுதான்.

அப்படியென்றால் சேமிப்பு–கடன் சங்கங்கள் திவாலானதற்கு கார்ன்தான் காரணமா?

இந்தப் பக்கத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். நேரடியான பதில்: அவர் மட்டும் காரணமில்லை, ஆனால் பங்கு உண்டு.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 1982 முடிவிலிருந்து 1985 முடிவு வரை இந்தச் சங்கங்களின் மொத்தச் சொத்து 56 சதவீதம் வளர்ந்தது. திவாலின் விளிம்பில் இருந்தவர்களுக்கு இப்படி ஒரு வளர்ச்சி எங்கிருந்து வந்தது? ஒரு லட்சம் டாலர் வரை அரசு காப்பீடு இருப்பதால், பணம் போடுபவர், சங்கம் நல்லதா கெட்டதா என்று பார்க்க வேண்டியதில்லை. அதிக வட்டி தருவது எது என்று பார்த்தால் போதும். சங்கம் அந்தப் பணத்தை டெக்சாஸில் யாரும் வாடகைக்கு வராத அலுவலகக் கட்டடங்களில் போட்டது. ஜெயித்தால் லாபம் முதலாளிக்கு, தோற்றால் நஷ்டம் காப்பீட்டு நிதிக்கு.

இதில் மற்றவர்களின் பங்கும் நிறைய. மத்தியச் சட்டம் தளர்ந்ததும் மாநிலங்கள் போட்டி போட்டுக்கொண்டு இன்னும் தளர்த்தின. கலிஃபோர்னியா தன் மாநில உரிமம் உள்ள சங்கங்களுக்கு ஏறத்தாழ எல்லாக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டது. 1981 வரிச் சட்டம் கட்டடம் கட்டுவதை லாபகரமாக்கியது. 1986 வரிச் சட்டம் அந்தச் சலுகையைப் பிடுங்கியது. அதே ஆண்டு எண்ணெய் விலை விழுந்து டெக்சாஸ் படுத்துவிட்டது. 1983-ல் கண்காணிப்பு வாரியத்தின் தலைவராக வந்த எட்வின் கிரே, ஆய்வாளர்கள் போதவில்லை, கூடுதல் ஆள் வேண்டும் என்று வெள்ளை மாளிகையிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். அரசைச் சிறிதாக்க வேண்டும் என்ற காலம் அது. 1985-ல் ஆய்வாளர்களை வேறு அமைப்பின் சம்பளப் பட்டியலுக்கு மாற்றித்தான் அவரால் ஆள் சேர்க்க முடிந்தது.

என் கருத்தில் குறை இங்கேதான் இருக்கிறது. கடன் கொடுக்கும் சுதந்திரத்தை விரிக்கும் சட்டம், கணக்கு பார்க்கும் ஆய்வாளர்களையும் கூடவே பெருக்கியிருக்க வேண்டும். செனட்டில் அதைக் கேட்டிருக்க வேண்டியவர் வங்கிக் குழுவின் தலைவர். 1981 முதல் 1987 தொடக்கம் வரை அந்தத் தலைவர் கார்ன். துறைக்கு மூச்சு கொடுக்க வேண்டும் என்று அவர் பேசியது உண்மையான அக்கறைதான். ஆனால் கூடவே கணக்கையும் கேட்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு அந்தப் பாதி வேலையை விட்டுவிட்டார். விண்வெளியிலும் ஏறக்குறைய அதேதான் நடந்தது.

மொத்த நஷ்டம் எவ்வளவு?

1986 முதல் 1995 வரை 1,043 சங்கங்கள் மூழ்கின. அவற்றின் சொத்து 500 பில்லியன் டாலருக்கு மேல். தீர்த்து முடிக்க ஆன செலவு சுமார் 153 பில்லியன் டாலர், அதில் சுமார் 124 பில்லியன் வரி கட்டுபவர்களின் தலையில் விழுந்தது. 1989-ல் பழைய கண்காணிப்பு வாரியத்தையும் காப்பீட்டு நிதியையும் ஒரேயடியாகக் கலைத்துவிட்டார்கள்.

பிராக்ஸ்மையர் எப்படி?

கார்ன் உட்கார்ந்த அதே இரண்டு நாற்காலிகளில் எதிர் மனநிலையோடு உட்கார்ந்தவர். கடன் கொடுப்பவர் உண்மையான வட்டி எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற 1968 சட்டம், ஒருவரின் கடன் வரலாற்று அறிக்கையில் தவறு இருந்தால் திருத்தும் உரிமை தந்த 1970 சட்டம், ஏழைகளும் கறுப்பினத்தவரும் வாழும் பகுதிகளை வங்கிகள் ஒதுக்கக் கூடாது என்ற 1977 சட்டம் ஆகியவற்றுக்குப் பின்னால் அவர் இருந்தார். வங்கிகளோடு நட்பாக இருப்பது தன் வேலை என்று அவர் நினைக்கவே இல்லை.

அதே சந்தேகக் கண்ணோடுதான் நாசாவையும் பார்த்தார். அரசுப் பணத்தை வீணடிப்பவர்களுக்கு மாதாமாதம் ‘தங்கக் கம்பளி’ என்று ஒரு விருது அறிவிப்பார். 1978-ல் வேற்றுக்கிரக அறிவுயிர்களின் ரேடியோ சிக்னலைத் தேடும் நாசாவின் திட்டத்துக்கு அதைக் கொடுத்தார். 1981-ல் அந்தத் திட்டத்துக்குப் பணமே போகாதபடி தடுத்துவிட்டார். வானியலாளர் கார்ல் சேகன் நேரில் போய்ப் பேசிய பிறகுதான் எதிர்ப்பைக் கைவிட்டார், பணம் திரும்ப வந்தது.

தேடல் திட்டத்தைத் தடுத்தது பிழை என்றே நினைக்கிறேன். மிகச் சிறிய செலவில் மிகப் பெரிய கேள்வியைக் கேட்ட திட்டம் அது. ஆனால் வாதத்தைக் கேட்டு மனம் மாறினார் பாருங்கள், அது பெரிய விஷயம்.

விண்வெளி வீரர் ஜான் கிளெனுக்கும் வங்கிச் சிக்கலில் தொடர்பு உண்டா?

உண்டு. கலிஃபோர்னியாவின் லிங்கன் சேமிப்புச் சங்கத்தை நடத்திய சார்லஸ் கீட்டிங்குக்காக, 1987 ஏப்ரலில் கண்காணிப்பு அதிகாரிகளைச் சந்தித்துப் பேசிய ஐந்து செனட்டர்களில் கிளெனும் ஒருவர். மற்றவர்கள் கிரான்ஸ்டன், டிகான்சினி, மக்கெய்ன், ரீகிள். ஐவருக்கும் அவர்கள் சார்ந்த அமைப்புகளுக்கும் கீட்டிங் தரப்பிலிருந்து சுமார் 13 லட்சம் டாலர் போயிருந்தது. 1989-ல் லிங்கன் மூழ்கியது. அதன் தாய் நிறுவனத்தின் பத்திரங்களைச் சங்கத்தின் கிளைகளிலேயே வாங்கிய சுமார் 23,000 பேரின் பணம் போனது. பலர் வயதானவர்கள், அந்தப் பத்திரத்துக்கும் அரசுக் காப்பீடு உண்டு என்று நம்பியவர்கள். செனட் ஒழுங்குக் குழு கிளெனிடம் கண்டது தவறான கணிப்பு மட்டுமே என்றது. 1998-ல், இன்னும் செனட்டராக இருக்கும்போதே, 77 வயதில் மறுபடி விண்வெளிக்குப் போனார்.

கார்ன் இந்த ஐவரில் இல்லை. சிலர் கார்ன், கிளென் என்ற இரண்டு பெயரையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

கார்னும் பிராக்ஸ்மையரும் எதிலாவது ஒத்துப்போனார்களா?

ஆச்சரியமாக, வங்கியில்தான். 1933-ல் இருந்து சாதாரண வங்கித் தொழிலையும் பங்குப் பத்திரத் தொழிலையும் பிரித்து வைத்திருந்த கிளாஸ்–ஸ்டீகல் தடையைப் பெருமளவு தளர்த்தும் மசோதாவை இருவரும் சேர்ந்து முன்வைத்தார்கள். 1988 மார்ச்சில் செனட்டில் அது 94–2 என்ற கணக்கில் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் தேங்கிப்போனது. அந்தத் தடை கடைசியில் 1999-ல்தான் விலகியது.

கார்ன் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறதா? சாதாரண ஆட்களுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவில் வீடு வாங்கிய நம்மவர்களுக்கும் இது பயன்படும். அங்கே வீட்டுக் கடன் ஒப்பந்தங்களில், வீடு கைமாறினால் மீதிக் கடனை உடனே கட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். 1982 சட்டம் அந்த நிபந்தனையைச் செல்லுபடியாக்கியது. கூடவே, அது செல்லாத இடங்களையும் எழுதி வைத்தது. கடன் வாங்கியவர் இறந்து வீடு உறவினருக்கு வந்தால், கணவன் மனைவிக்குள் பெயர் மாறினால், பிள்ளைகள் பெயருக்கு மாறினால், அந்தக் காரணத்துக்காக மட்டும் மொத்தக் கடனையும் உடனே கட்டச் சொல்லி வங்கி கேட்க முடியாது. பழைய தவணையையே கட்டிக்கொண்டு போகலாம். பொதுவாக, நான்கு குடியிருப்புகள் வரை உள்ள வீடுகளுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு.

தகப்பனார் இறந்த கையோடு வங்கியிலிருந்து மொத்தப் பணமும் கேட்டுக் கடிதம் வந்தால், வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது இந்தச் சட்டத்தைத்தான். தவணை தவறினால் மட்டும் இது காப்பாற்றாது. அதனால் பெயர் மாற்றும் வேலை இழுத்துக்கொண்டிருந்தாலும் மாதத் தவணையை நிறுத்தாதீர்கள்.